பள்ளிக்குச் சாமான் வாங்கிய அனுபவம், உங்களுடையதையும் எழுதுங்கள்

காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் தள்ளி, ஓர் ஈராசிரியர் பள்ளியில் தலைமையாசிரியையாக இருக்கிறேன். பிள்ளைகள் 38 பேர். 31 முதல் 100 பேர் வரை படிக்கும் பள்ளி என்பதால் ஆண்டு மானியம் 25,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு. சாக்பீஸ், பதிவேடு, பல்பு, குழாய், துடைப்பம், பினாயில் எல்லாம் இதற்குள்தான்.

பொறுப்பேற்ற முதல் வருஷம் குடிநீர் சுத்திகரிப்புக் கருவி வாங்கினோம். மூன்று கடைகளில் விலைப்புள்ளி கேட்டு, குறைந்த விலை சொன்ன கடையில் எடுத்தோம். காகிதத்தில் எல்லாம் சரி. ஆறாவது மாதம் ஃபில்டர் அடைத்துக்கொண்டது. எப்போது போன் செய்தாலும் "ஆள் அனுப்புறோம் டீச்சர்" என்றார்கள். இரண்டு மாதம் யாரும் வரவில்லை. பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவந்தார்கள். கொண்டுவராத பிள்ளை பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டுக் குடித்தது. அதைப் பார்த்துக்கொண்டு பாடம் நடத்துவது எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி சித்தாள் வேலைக்குப் போகிறவர். கூட்டத்தில் அவர்தான் கேட்டார்: "வாங்குற அன்னைக்கு விலையக் கேட்டோம். கெட்டுப்போனா யாரு வருவான்னு கேட்டோமா டீச்சர்?" அதிலிருந்து, பழுதானால் எத்தனை நாளில் வருவீர்கள், வந்துபோக எவ்வளவு, உதிரி பாகம் என்ன விலை என்பதையும் விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்குகிறோம். அடுத்த வருஷம் தண்ணீர் மோட்டாருக்கு 700 ரூபாய் கூடுதலாகச் சொன்ன உள்ளூர்க் கடையை எடுத்தோம். ஏன் என்று தீர்மானப் பதிவேட்டில் இரண்டு வரி எழுதினோம். தணிக்கைக்கு வந்தவர் அதைப் படித்துவிட்டு மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

இருப்புப் பதிவேட்டை எழுதக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் ஊரில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப் பார்த்த பெரியவர். கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமானைப் பரப்பிவைக்கும்போது ஒரு கரண்டி விடாமல் எழுதுவார்களே, அதே முறைதான். "பொருள் வாசப்படி தாண்டும்போதே எழுதிரணும் ஆத்தா, பில்லு வரட்டும்னு காத்திருந்தா மறந்துபோகும்" என்றார். உடைந்ததையும் எழுதச் சொன்னார். நான் அதுவரை வாங்கியதை மட்டும்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

பொருளை விட வேலைக்கு ஆள் பிடிப்பதுதான் சிரமம். பணம் இப்போது கடைக்காரர், வேலைக்காரர் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகிறது. குழாய் ரிப்பேர் பார்க்கும் அண்ணனோ பில் புத்தகமே வைத்திருக்கவில்லை. மற்ற பள்ளிகளில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தேவகோட்டைப் பக்கத்து ஆசிரியர்:

டீச்சர், நாங்கள் ஹார்டுவேர் கடை மூலமாகவே ஆளைக் கூப்பிடுகிறோம். சாமான், கூலி இரண்டையும் தனித்தனி வரியாகப் போட்டு அவர்கள் ஒரே பில் தருகிறார்கள். வந்த ஆளிடம் வேலை முடிந்த தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்வேன். கழிப்பறைத் தொட்டியைச் சுத்தம் செய்யும் வண்டி ஒரு பள்ளிக்காக இவ்வளவு தூரம் வராது. அதனால் பக்கத்து மூன்று பள்ளிகளும் ஒரே நாளில் வரச்சொன்னோம். வண்டி வாடகை பாதியாகக் குறைந்தது. ஆனால் பில்லை மூன்றாகப் பிரித்து வாங்க வேண்டும், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நாங்கள் சொல்லாமல் விட்டு, மறுபடி ஒரு நாள் அலைந்தோம்.

பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், ஒரு அம்மா:

எங்கள் பள்ளியில் படித்த ஒருவர், வகுப்பறைத் தரைக்கு ஆத்தங்குடிக் கல் தருகிறேன் என்றார். எல்லாருக்கும் சந்தோஷம். அப்புறம்தான் பதிக்கும் கூலி, மணல், சிமெண்டு என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். மானியத்தில் அதற்கு இடமே இல்லை. பழைய வீடுகளில் அந்தக் கல்லைப் பதித்துப் பழகிய கொத்தனாரை அழைத்து மதிப்பீடு எழுதி வாங்கி, அதைக் கொடையாளரிடமே காட்டினோம். கூலியையும் அவரே ஏற்றுக்கொண்டார். இலவசமாக வந்த கல்லையும் எண்ணித்தான் பதிவேட்டில் ஏற்றினோம். மிச்சம் 42 கல் ஸ்டோர் ரூமில் இருக்கிறது, எந்தக் கல் உடைந்தாலும் மாற்றிக்கொள்ளலாம்.