பாய்மரப் படகை இழுத்துக்கொண்டு பனிக்கால ரெகாட்டாவுக்கு: வழியில் என்னென்ன கெடும்

ரெகாட்டாவுக்கு, அதாவது பாய்மரப் படகுப் பந்தயத்துக்கு, நாலு நண்பர்கள், ஒரு கார், பின்னால் இரண்டு டிங்கி (சின்னப் பாய்மரப் படகு) ஏற்றிய டிரெய்லர் என்று கிளம்பும்போது எல்லாருடைய கவனமும் படகு மேல்தான் இருக்கும். நடுவழியில் நிறுத்துவதோ டிரெய்லரின் பேரிங். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போதே சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தாலோ, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரிந்தாலோ பேரிங்கை மாற்றியே ஆகவேண்டும்.

இது கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் படகை இறக்கும் விதம்தான். நீண்ட ஓட்டத்தில் சூடேறிய ஹப்பை, அதாவது பேரிங் உட்காரும் சக்கர நடுப்பகுதியை, அப்படியே குளிர்ந்த நீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். அந்த இழுப்பில் சீல் வளையத்தைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போய் கிரீஸோடு கலக்கும். அடுத்த ஒன்றிரண்டு மாதத்தில் துரு, பிறகு கரகரப்பு. ஹப் ஆறும்வரை காத்திருக்கலாம். அதைவிட நல்லது, சாலை டிரெய்லரைத் தண்ணீருக்கே காட்டாமல், அதன் மேல் உட்காரும் தள்ளுவண்டியில் மட்டும் படகை இறக்குவது.

உதிரியாக உள் பேரிங், வெளிப் பேரிங், சீல், ஸ்பிளிட் பின், கிரீஸ் டப்பா என்று தனித்தனியாகக் கொண்டுபோகலாம். ஆனால் பனியில், இருட்டில், விறைத்த விரல்களோடு பழைய பேரிங்கைத் தட்டி எடுக்க முடியாது. கிரீஸ் அடைத்த ஹப் ஒன்றை முழுசாகத் தயாராக வைத்திருந்தால் அரை மணியில் வேலை முடியும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு பக்க ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

டயரில் பட்டன் தேய்மானத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. டிரெய்லர் டயர் தேய்வதற்கு முன்பே வயதாகி வெடிக்கும். பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணைப் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். குளிரில் காற்றழுத்தமும் இறங்கும், ஏறக்குறைய 6 டிகிரி செல்சியஸுக்கு 1 பிஎஸ்ஐ. 20 டிகிரியில் அடித்த காற்று மைனஸ் 5 டிகிரியில் 4 பிஎஸ்ஐ குறைவாகக் காட்டும். ஓடாத, ஆறிய டயரில்தான் அளக்க வேண்டும். ஸ்டெப்னியையும் சேர்த்து.

* * *

சுமை விஷயம் விட்டுப்போயிற்று. டிரெய்லரின் முன்முனை காரின் கொக்கியை அழுத்தும் எடைதான் ஓட்டத்தின் குணத்தையே தீர்மானிக்கிறது. மொத்த டிரெய்லர் எடையில் 5 முதல் 10 சதவீதம் அங்கே விழ வேண்டும், காரின் கையேடு அனுமதிக்கும் அளவைத் தாண்டாமல். 300 கிலோ என்றால் 15 முதல் 30 கிலோ. உடல் எடை பார்க்கும் தராசை வைத்து, கொக்கி உயரத்துக்கு மரக்கட்டை நிறுத்தி, முன்முனையை அதன் மேல் இறக்கினால் எடை தெரிந்துவிடும்.

கணக்கு கெடுவது நண்பர்களின் பைகளால். காரில் இடமில்லை என்று நனைந்த துணிமூட்டை, கருவிப்பெட்டி எல்லாம் படகுக்குள் போகும், அதுவும் பின்பக்கமாக. ஐஎல்சிஏ என்ற ஒற்றையாள் டிங்கியின் உடல் மட்டுமே 59 கிலோ. அதன் பின்முனையில் 25 கிலோ கூடினால் கொக்கி மேல் இருக்க வேண்டிய அழுத்தம் போய்விடும். பிறகு இறக்கத்தில், பக்கக் காற்றில், டிரெய்லர் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும். அப்போது பிரேக் மிதிப்பதும், எதிர்ப்பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பி அடக்கப் பார்ப்பதும் ஆபத்து. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாக இறங்க விடுங்கள். வண்டி அடங்கியதும் நிறுத்திச் சுமையை மாற்றாமல் மறுபடி கிளம்பாதீர்கள்.

கிளம்பி 15, 20 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி வார்களை இறுக்க வேண்டும், சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் நட்டுகளையும். படகு மேல் படகு ஏற்றியிருந்தால் மொத்த உயரத்தை அளந்து ஓட்டுபவர் கண்ணெதிரே ஒட்டிவையுங்கள். கார் ஓட்டிப் பழகியவருக்குப் பெட்ரோல் பங்கின் கூரை ஞாபகத்துக்கே வராது.

* * *

எதையும் ரேட்செட் வாரால், அதாவது பல்சக்கரப் பிடியை நெம்பி இறுக்கும் வாரால், கட்டுவார்கள். எனக்கு வேறு கருத்து. படகின் உடலுக்கு அது வேண்டாம். ரேட்செட்டின் பலத்தில் ஃபைபர் நசுங்கி அதன் வெளிப்பூச்சான ஜெல்கோட்டில் முடி மாதிரி விரிசல் விழும். உடலுக்குக் கையால் இழுத்து இறுக்கும் கேம் பக்கிள் வார் போதும். ரேட்செட், தள்ளுவண்டியை டிரெய்லரோடு பிணைப்பதற்கு. விளிம்பில் படும் இடத்தில் மெத்தை வையுங்கள். வாரில் ஒரே ஒரு முறுக்கு கொடுத்தால் காற்றில் ஹூம் என்று அதிர்ந்து தளராது.

குளிர்காலத்துக்கே உரிய எதிரி, சாலையில் பனி உருகத் தூவும் உப்பு. முன்னால் போகும் லாரி வாரி அடிக்கும் அந்தச் சகதி அலுமினியப் பாய்மரத்தில், ஸ்டெயின்லெஸ் ரிவெட் இருக்கும் இடங்களில் தேங்கும். இரண்டு வேறு உலோகம், நடுவில் உப்புநீர் என்றால் அலுமினியம்தான் முதலில் அரிபடும். அதனால் பாய்மரத்தின் திறந்த முனைகளை டேப்பால் மூடுங்கள், பாய் ஏற்றும் கயிறுகளான ஹேலியார்டுகளை இறுக்கிக் கட்டுங்கள், படகுக்கு மேலுறையோடு அடியுறையும் போடுங்கள். போய்ச் சேர்ந்ததும் கப்பிகள், ரிவெட்டுகள், சுக்கான் மாட்டும் இடம் எல்லாவற்றிலும் நல்ல தண்ணீர் ஊற்றிய பிறகே பாய் ஏற்ற வேண்டும். குழாய் உறைந்திருக்க வாய்ப்புண்டு. 20 லிட்டர் கேனில் தண்ணீர் காரில் இருக்கட்டும்.

சுக்கானும், படகின் நடுவே நீருக்குள் இறங்கும் பலகையான சென்டர்போர்டும் தனித்தனி உறையில் காருக்குள். பாயைச் சுருட்டத்தான் வேண்டும், மடிக்கக் கூடாது. குளிரில் விறைத்த பாயை மடித்த கோடு பிறகு போகவே போகாது.

படகில் தண்ணீர் வடியும் துளைகளின் அடைப்பானைக் கழற்றித் திறந்தே வைத்திருங்கள். உள்ளே தங்கிய ஒரு குவளைத் தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். ஒடுக்கமான மூலையில் அது ஃபைபரைப் பிளக்கப் போதும். ஆனால் கழற்றிய அடைப்பானைத் திரும்ப மாட்ட மறப்பவர்கள் எல்லா ரெகாட்டாவிலும் உண்டு. அதைச் சுக்கான் உறைக்குள் போட்டுவைத்தால் மறக்க முடியாது.

* * *

ஓட்டுவது பற்றிச் சுருக்கமாக. 7 டிகிரிக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிமானம் குறையும். மலையும் பனித்துகளும் பொறித்த குறியுள்ள டயர் போடுங்கள். பனிக்கட்டியில் நிற்கும் தூரம் உலர்ந்த சாலையைப் போலப் பத்து மடங்குவரை நீளும், பின்னால் டிரெய்லர் வேறு தள்ளும். பாலங்கள் முதலில் உறையும், ஏனென்றால் கீழேயும் காற்று. இரவில் நிறுத்தும்போது டிரெய்லரின் கைபிரேக்கைப் போட்டுவிட்டுப் போனால் காலையில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டி உறைந்திருக்கும். சக்கரத்துக்கு ஆப்பு வைத்துக் கைபிரேக்கை விட்டுவிடுங்கள். விளக்குப் பலகையின் பிளக்கில் உப்பு ஏறினால் இண்டிகேட்டர் போட்டதும் பிரேக் விளக்கு எரியும். பெரும்பாலும் எர்த் கம்பிதான் காரணம், அங்கிருந்து தேட ஆரம்பியுங்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை ஓட்டுபவர் மாறட்டும். இறங்குபவர் தூங்கலாம், பக்கத்து இருக்கைக்காரர் தூங்கக் கூடாது.

* * *

தண்ணீருக்கு வந்தாயிற்று. 0 டிகிரியில் காற்று 25 டிகிரியில் இருப்பதைவிட ஏறக்குறைய 9 சதவீதம் அடர்த்தி. காற்றுமானி அதே வேகம் காட்டினாலும் பாயில் விழும் தள்ளு அவ்வளவு கூடும். கோடையில் பழகிய அளவில் பாயை வைத்தால் படகு அடிக்கடி சாயும்.

குளிர்ந்த நீரில் விழுந்தால் 1, 10, 1 என்று ஒரு கணக்கு சொல்வார்கள்: முதல் 1 நிமிடம் மூச்சிரைப்பை அடக்கிச் சீராக்க, அடுத்த 10 நிமிடம் கைகால் சொன்னபடி கேட்கும், 1 மணி நேரத்தில் நினைவு தப்பும். படகை நிமிர்த்துவதோ ஏறுவதோ அந்தப் பத்து நிமிடத்துக்குள் நடக்க வேண்டும். தண்ணீர் புகாத உடையான டிரைசூட்டின் ஜிப்பைக் கரையிலேயே இன்னொருவர் இழுத்துப் பார்க்க வேண்டும். விரற்கடை அளவு திறந்திருந்தாலும் கால் நிறையத் தண்ணீர்தான்.

பந்தய அறிவிப்பும் அறிவுறுத்தல்களும் காரிலேயே படித்து முடிக்க வேண்டியவை. அளவீட்டுச் சான்றிதழும் காப்பீட்டுத் தாளும் நனையாத உறையில். வழக்கமான தொடக்க வரிசை: தொடங்க 5 நிமிடம் இருக்கும்போது எச்சரிக்கையாக வகுப்புக் கொடி (அந்தப் படகு வகையின் கொடி), 4இல் ஆயத்தக் கொடி, 1இல் அது இறங்கும், 0இல் தொடக்கம். நீரில் ஒத்திவைப்புக் கொடியான ஏபி இறங்கி 1 நிமிடத்தில் எச்சரிக்கைக் கொடி ஏறும். ஆக ஏபி இறங்கியதிலிருந்து கையில் 6 நிமிடம். கரையில் ஏபி இறங்கினால் எத்தனை நிமிடம் என்பது அறிவுறுத்தல்களில்தான் இருக்கும், ரெகாட்டாவுக்கு ரெகாட்டா மாறும். கையுறை, முகமூடி எல்லாம் போட்டுப் படகைத் தள்ளக் கோடையைப்போல இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். நாலு பேரில் ஒருவர் கொடியைப் பார்ப்பதை மட்டும் வேலையாக வைத்துக்கொள்ளட்டும்.

கரையேறியதும் முதல் வேலை, உடை மாற்றுவதற்கும் முன்னால், முடிச்சுகளை அவிழ்ப்பது. ஐந்து நிமிடம் விட்டால் கயிறு கம்பியாகிவிடும். உறைந்துபோனால் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள். கொதிநீர் கூடாது, சில்லிட்ட ஜெல்கோட் வெடிக்கும். ஈர உடைகளைக் காருக்குள் திறந்து போட்டால் கண்ணாடி முழுக்க ஆவி படியும். மூடிய டப்பாவில் போட்டு, ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்து ஓட விடுங்கள், உள்காற்றைச் சுற்றவிடும் பொத்தானை அணைத்துவிட்டு.