லைன் ஆள் கடைக்குப் போனாரா இல்லையா: ஜிபிஎஸ் புள்ளியை நம்பி படியை வெட்டலாமா?

கீழவாசல் கணக்கு:
கீழமாசி வீதிக்குப் பக்கத்தில் ஒரு ஏஜென்சியில் கணக்கு பார்க்கிறேன். பிஸ்கட், சோப்பு, மசாலா பாக்கெட் எல்லாம் கடைகளுக்குப் போடுகிறோம். லைன் போகிறவர்கள், அதாவது கடை கடையாகப் போய் ஆர்டரும் வசூலும் எடுக்கிறவர்கள், அவர்களின் பெட்ரோல் படி, சாப்பாட்டுப் படி இரண்டும் என் டேபிளைத் தாண்டித்தான் போகும். சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு முதலாளி ஒரு ஆப் வாங்கினார். கடைக்குப் போனதும் செக்-இன் அடிக்க வேண்டும். கடையின் புள்ளியிலிருந்து 50 மீட்டருக்குள் இருந்தால் பச்சை, தாண்டினால் சிவப்பு.

டவுன் லைன்காரருக்கு விளக்குத்தூண், மஞ்சனக்காரத் தெரு, தெற்குமாசி வீதி. அவர் ஷீட்டைத் திறந்தால் மிளகாய் வற்றல் காயப்போட்ட மாதிரி ஒரே சிவப்பு. ஆனால் அதே கடைகளிலிருந்து ஆர்டர் வருகிறது, வசூல் வருகிறது, பில்லில் கடைக்காரர் கையெழுத்தும் இருக்கிறது. உசிலம்பட்டி, எழுமலை பக்கம் போகிறவருக்கு எல்லாம் பச்சை, ஆர்டர் மட்டும் தேய்ந்துகொண்டே போகிறது.

கிலோமீட்டரும் குழப்பம். டவுன் ஆளுக்கு வண்டி மீட்டரைவிட ஆப் அதிகமாகக் காட்டுகிறது, உசிலம்பட்டி ஆளுக்குக் குறைவாக. "சிவப்பு விழுந்த கடைக்கெல்லாம் படி கிடையாதும்மா, எழுதிடு" என்கிறார் முதலாளி. எழுத எனக்குக் கை வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாடிப்பட்டி:
கடைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். வேலை முடிந்தது.

ஆரப்பாளையம் சர்வீஸ்:
வாடிப்பட்டி அண்ணே, சாதாரணமாக வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினால் அதற்குள் இருக்கிற லொக்கேஷன் விவரம் கழன்றுவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால்தான் நிற்கும்.

அக்கா, அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். நான் தண்ணீர் மெஷின் சர்வீஸுக்கு ஆள் அனுப்புகிறவன், இந்த ரோதனை எனக்கும் உண்டு.

முதலில் சிவப்பு. வானம் தெரிகிற வெளியில் நின்றால் சாதாரண போன் ஏறக்குறைய 5 மீட்டர் வட்டத்துக்குள் இடத்தைச் சொல்லிவிடும். மஞ்சனக்காரத் தெருவில் வானம் எங்கே தெரிகிறது? சாட்டிலைட் 20,000 கிலோமீட்டருக்கு மேலே இருக்கிறது. சிக்னல் வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துத்தான் போன் தூரத்தைக் கணக்குப் போடுகிறது. மாடிச் சுவரில் பட்டுச் சுற்றி வந்த சிக்னலைப் பிடித்தால் கணக்கு தப்பும். கடைக்குள், தளத்துக்கு அடியில், பல நேரம் அதுவும் கிடைக்காது. அப்போது வைஃபையையும் செல் டவரையும் வைத்து போன் குத்துமதிப்பாக ஒரு இடத்தைச் சொல்லும். டவரை மட்டும் நம்பினால் நூற்றுக்கணக்கான மீட்டர்கூடத் தள்ளிப் போகும்.

ரிப்போர்ட்டை எக்செல்லில் இறக்கிப் பாருங்கள், அக்யூரசி என்று ஒரு கட்டம் இருக்கலாம். அதில் 8 என்று இருந்தால், ஆள் அந்தப் புள்ளியைச் சுற்றி 8 மீட்டருக்குள் இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. ஆண்ட்ராய்டு கொடுக்கிற எண்ணுக்கு அர்த்தம் அவ்வளவுதான். அங்கே 120 என்று கிடக்கிற வரிக்கு 50 மீட்டர் விதியைப் போட்டு ஒருத்தர் படியை வெட்டுவது அநியாயம்.

அதைவிட ஒன்று. கடையின் புள்ளியை யார், எங்கே நின்று பதிந்தார்கள்? பாதித் தகராறு அங்கேதான் கிளம்புகிறது. முதலில் அதைப் பாருங்கள்.

அப்புறம் பச்சை. எனக்கு உறுத்துவது இதுதான். அட்சரேகை எண்ணில் தசமப் புள்ளிக்குப் பின் 4-வது இலக்கம் ஒன்று மாறினால் தரையில் 11 மீட்டர், 6-வது இலக்கம் என்றால் 11 சென்டிமீட்டர். கையில் இருக்கிற போன் வாராவாரம் அவ்வளவு துல்லியமாக ஒரே எண்ணைக் காட்டாது, கொஞ்சமாவது ஆடும். ஒரே கடைக்கு 6 இலக்கமும் அச்சு அசலாகத் திரும்பத் திரும்ப வந்தால் விசாரியுங்கள். போலி லொக்கேஷன் ஆப் இலவசமாகவே கிடைக்கிறது. அப்படி வந்த புள்ளிக்கு ஆண்ட்ராய்டு ஒரு குறி போட்டுத்தான் தரும். உங்கள் ஆப் அந்தக் குறியைப் பார்க்கிறதா என்று விற்றவரிடம் கேளுங்கள்.

கிலோமீட்டர் விஷயம் சின்னது. கடையில் உட்கார்ந்திருந்தாலும் புள்ளி ஆடிக்கொண்டே இருக்கும், ஆப் அதையும் ஓட்டமாகக் கூட்டிவிடும். வெளியூர் ரோட்டில் சில நிமிடத்துக்கு ஒரு புள்ளிதான் எடுக்கிறதென்றால் வளைவையெல்லாம் நேர்கோடாக இழுத்துக் குறைத்துவிடும். படிக்கு வண்டி மீட்டர் போட்டோ போதும்.

மேலூர் லைன்:
நான் சிவப்பு வாங்குகிற சாதி. உசிலம்பட்டிக்காரரைத் திருடனாக்குவதற்கு முன் ஒன்று பாருங்கள். புதுப் புள்ளி கிடைக்காவிட்டால் சில ஆப் கடைசியாகத் தெரிந்த பழைய இடத்தையே திரும்ப அனுப்பும். பேட்டரி சேவர் போட்டால் பின்னணியில் ஓடுகிற ஆப்பை போனே படுக்க வைத்துவிடும். சாயங்காலம் 15% சார்ஜில் வசூல் பார்க்கிறவன் பேட்டரி சேவர் போடாமல் என்ன செய்வான்?

இன்னொன்றையும் முதலாளியிடம் சொல்லுங்கள் அக்கா. லைன் முடிந்ததும் ஆப்பும் நிற்க வேண்டும். எங்கள் கம்பெனியில் ராத்திரி நான் மாமனார் வீட்டில் சாப்பிடுகிற வரைக்கும் புள்ளி ஓடுகிறது.

கீழவாசல் கணக்கு:
இரண்டு தம்பிகளுக்கும் நன்றி. எக்செல்லை இறக்கிப் பார்த்தேன். மஞ்சனக்காரத் தெருக் கடைகள் அத்தனையும் மேப்பில் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கின்றன. ஆப் போட்டுக் கொடுக்க வந்த பையன் முக்கு டீக்கடையில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் பதிந்திருக்கிறான். டவுன்காரர் படியை முழுசாக எழுதிவிட்டேன்.

உசிலம்பட்டி ஷீட்டில் தம்பி சொன்ன மாதிரியே 6 இலக்கமும் ஒன்று. மேலூர் தம்பி சொன்னதையும் மனதில் வைத்து, எழுமலைக் கடை ஒன்றுக்குப் பழைய பாக்கி கேட்கிற சாக்கில் போன் போட்டேன். "அவரு எங்கம்மா வர்றாரு, போன்லயே ஆர்டர் கேட்டுக்கிறாரு, சரக்கு மட்டும் வண்டில வந்துரும்" என்றார். அடுத்த தடவை முதலாளியே கூட ஒரு ரவுண்டு போவதாக ஏற்பாடு.

டவுன் கடைப் புள்ளிகளை இனி எப்படிப் பதியச் சொல்வது?

ஆரப்பாளையம் சர்வீஸ்:
டவுன்காரர் கையிலேயே கொடுங்கள், தினம் நாலைந்து கடை போதும். கடைக்குள் வேண்டாம், வாசலில் தெருவைப் பார்த்து நின்று, அக்யூரசி 10-க்குக் கீழே இறங்கின பிறகு பதியட்டும். மாசி வீதிப் பக்கத்துக்கு மட்டும் 50-ஐ 150 ஆக்கச் சொல்லுங்கள்.