மெய்யியலின் கிளைகள் மூன்றா, ஐந்தா? எங்கிருந்து தொடங்குவது?

தொடக்கநிலை:
வணக்கம். மெய்யியலை முறையாகப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். ஒரு நூலில் ‘தத்துவம்’, இன்னொன்றில் ‘மெய்யியல்’, வேறொன்றில் ‘தரிசனம்’ என்கிறார்கள். மூன்றும் ஒன்றுதானா? கிளைகள் மூன்று என்கிறார் ஒருவர், ஐந்து என்கிறார் மற்றவர். வரையறைகள் மனப்பாடமாகிவிட்டன. ஆனால் ஒரு கேள்வியைக் கொடுத்தால் அது எந்தக் கிளையில் சேரும் என்று சொல்லத் தெரியவில்லை.

மணற்கேணி:
முதலில் சொற்கள். கிரேக்கத்தில் ‘பிலோசோபியா’ என்றால் அறிவின் மேல் கொண்ட காதல். ‘தரிசனம்’ பார்த்தல் என்ற வேரிலிருந்து வந்தது. நியாயம், சாங்கியம் போன்ற ஒவ்வொரு சிந்தனைப் பள்ளியையும் அப்படிச் சொல்வார்கள். ‘தத்துவம்’ என்ற சொல்லில்தான் கவனம் வேண்டும். சைவ சித்தாந்த நூல்களில் ‘முப்பத்தாறு தத்துவங்கள்’ என்று வந்தால் அங்கே பொருள் வேறு: நிலம், நீர் தொடங்கிச் சிவம் வரை எண்ணப்படும் 36 அடிப்படைக் கூறுகள். அதைப் பொதுப்பொருளில் படித்தால் பக்கம் முழுவதும் குழம்பும். இந்தத் துறையின் பெயராக ‘மெய்யியல்’ என்பதே நல்லது. இலங்கைத் தமிழில் அதுதான் வழக்கம்.

எண்ணிக்கை மாறுவதற்குக் காரணம் உண்டு. பண்டைய கிரேக்கச் சிந்தனைப் பள்ளியினரான ஸ்டோயிக்குகள் அளவையியல், இயற்கையியல், அறவியல் என்று மூன்றாகப் பிரித்தார்கள். இன்றைய பாடநூல்கள் பெரும்பாலும் மீவியற்பியல் (எது உள்ளது?), அறிவாய்வியல் (எப்படி அறிகிறோம்?), அளவையியல் (எதிலிருந்து எது பெறப்படும்?), அறவியல் (எப்படி நடக்க வேண்டும்?), அழகியல் என்று ஐந்து சொல்கின்றன. அழகியல் தனிப் பெயர் பெற்றது பிந்தித்தான். ஜெர்மன் மெய்யியலாளர் பாம்கார்ட்டன் 1735இல் அந்தச் சொல்லை ஆண்டார். பெயர்தான் பிந்தியது, கேள்வி அல்ல. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை முதலான எட்டு உணர்ச்சி வெளிப்பாடுகளையும் வகுப்பது அந்த வேலையைத்தான்.

நுண்பொருள்:
மணற்கேணி சொன்னது சரி. ஆனால் கிளைகளைப் பெட்டிகளாக நினைத்தால் பிரிக்கவே வராது. அவை ஒரே பொருளைப் பார்த்துக் கேட்கப்படும் வெவ்வேறு வகைக் கேள்விகள்.

ஒரு கோயில் தேரை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சு, சக்கரம், அடிப்பாரம், சிற்பப் பலகை என்று காலப்போக்கில் ஒவ்வொன்றாக மாற்றிவிட்டார்கள். பழைய மரம் ஒரு துண்டுகூட மிச்சமில்லை. இது அதே தேர்தானா? இது மீவியற்பியல் கேள்வி. பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட, கிரேக்கக் கதைவீரன் தீசியஸின் கப்பலை வைத்து இதே கேள்வி விவாதிக்கப்பட்டதைப் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். ஆங்கில மெய்யியலாளர் ஹாப்ஸ் 1655இல் அதை இன்னும் இறுக்கினார்: கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டினால் எது அசல்?

‘தேர் முந்நூறு ஆண்டு பழையது’ என்று எதைக் கொண்டு சொல்கிறோம்? கண்டா, ஊகித்தா, பெரியவர்கள் சொல்லக் கேட்டா? இது அறிவாய்வியல். நம் மரபு இப்படி அறியும் வழிகளுக்கு ‘அளவை’ என்று பெயரிட்டு வரிசையே போட்டது. உலகாயதரான சார்வாகர் காட்சி ஒன்றை மட்டும் ஏற்றார்கள். பௌத்த அளவைநூலார் காட்சியும் கருதலும் (ஊகித்தறிதல்). சாங்கியர் உரையையும் (நம்பத்தக்கவர் சொல்) சேர்த்து மூன்று. நியாயத்தார் ஒப்புமையும் சேர்த்து நான்கு. வேதத்தை ஆராய்ந்த மீமாஞ்சைப் பள்ளியின் ஒரு பிரிவினரான பாட்டர் ஆறு.

தேரைப் போல அச்சு அசலாக இன்னொன்று செய்தால் அதுவும் அதே அளவு அழகா என்று கேட்டால் அழகியல்.

தொடக்கநிலை:
மிக்க நன்றி ஐயா. முயன்று பார்க்கிறேன்: ‘தேர் பழையது. ஆகவே அதைக் காக்க வேண்டும்.’ இது அறவியல்தானே?

கருதலளவை:
முடிவு அறவியல். வழி அளவையியல், அந்த வழியில்தான் ஓட்டை. ‘பழையது’ என்பது உள்ள நிலை; ‘வேண்டும்’ என்பது கடமை. முதலாவதிலிருந்து இரண்டாவது தானாக வராது. ஸ்காட்லாந்து மெய்யியலாளர் ஹியூம் 1740இல் சுட்டிக்காட்டியது இதைத்தான். ‘பழையவை எல்லாம் காக்கத்தக்கவை’ என்ற வரி நடுவில் மறைந்திருக்கிறது. அதை வெளியே எழுதினால்தான் அது தப்பு என்று தெரியும்: பழைய கொடுமைகளும் பழையவைதானே. காக்க வேண்டிய காரணம் இருக்கலாம். ஆனால் அது வெறும் வயதில் இல்லை.

தொடங்க வேண்டிய இடம் அளவையியல்தான். மற்ற நான்கிலும் வேலை செய்யும் கருவி அது. மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்கு ஒரு வாதத்தை உறுப்பு உறுப்பாகச் சொல்லித்தருகிறார்: இம்மலை நெருப்புடையது (பக்கம், அதாவது நிறுவ வேண்டியது), புகையுடையதால் (ஏது, அதாவது காரணம்), அடுக்களை போல (திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு). உபநயம் (எடுத்துக்காட்டை இங்கே பொருத்துதல்), நிகமனம் (முடிவு) என்ற மீதி இரண்டும் திட்டாந்தத்திலேயே அடங்கும் என்பது அங்குள்ள நிலைப்பாடு. நியாயத்தார் ஐந்தையும் கேட்பார்கள்.

இதைத் திருப்பிப் பாருங்கள்: ‘நெருப்பு இருக்கிறது, ஆகவே புகை இருக்கும்.’ தவறு. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஈர விறகு சேர்ந்தால்தான் புகை வரும். தொடக்கத்தில் அதிகம் நடக்கும் பிழை இந்தத் திருப்பம்தான்.

அடுத்து அறிவாய்வியல். ‘காரணத்தோடு கூடிய உண்மையான நம்பிக்கையே அறிவு’ என்ற வரையறையை மனப்பாடம் செய்திருப்பீர்கள். அமெரிக்க மெய்யியலாளர் கெட்டியர் 1963இல் மூன்றே பக்கத்தில் இரண்டு எதிர்க்காட்டு தந்து அதை அசைத்தார். எட்டாம் நூற்றாண்டுப் பௌத்தரான தர்மோத்தரர் காட்டிய எடுத்துக்காட்டும் அதே போக்கு: ஒருவன் கானல் நீரைக் கண்டு ‘அங்கே தண்ணீர் இருக்கிறது’ என்று போகிறான். அந்த இடத்தில் பாறைக்கடியில் உண்மையிலேயே தண்ணீர் இருக்கிறது. நம்பிக்கை மெய்யானது, அவனுக்குக் காரணமும் இருந்தது. ஆனால் அவன் அறிந்திருந்தான் என்று சொல்ல மனம் வருகிறதா?

படிக்கும்போது ஒவ்வொரு வாதத்தையும் எண்ணிட்டு எழுதுங்கள். முடிவைக் கடைசி வரியில் வையுங்கள். பக்கக்கணக்கில் நீளும் வாதமும் பெரும்பாலும் நாலைந்து வரிக்குள் அடங்கிவிடும். பிறகு ஒரே சொல் இரண்டு வரிகளில் இரண்டு பொருளில் வருகிறதா என்று பாருங்கள். ‘இயற்கை’ என்ற சொல் முதல் வரியில் ‘தானாக நடப்பது’ என்றும், முடிவில் ‘முறையானது’ என்றும் வந்தால் வாதம் அங்கேயே உடைந்துவிட்டது.