திருமணக் காணொளி மட்டும் மடிக்கணினியில் திணறுவது ஏன்?

கேள்வி:
என் மடிக்கணினியில் ஆறாம் தலைமுறை ஐ5 செயலியும் 8 ஜிபி ரேமும் உள்ளன. வழக்கமான 1080பி படங்கள் சீராக ஓடுகின்றன. ஆனால் தங்கையின் திருமணக் காணொளியான எச்.265 என்னும் சுருக்க முறையிலான கோப்பைத் திறந்தால், தாலி கட்டும் நேரத்தில் நாதஸ்வரம் முன்னே போய்விட, படம் அப்படியே உறைந்து நிற்கிறது. ரேமைக் கூட்டினால் சரியாகுமா?

மறுமொழி 1:
ரேமுக்குச் செலவழிக்க வேண்டாம். 2013-இல் வந்த எச்.265 முறை கோப்பின் அளவைக் குறைத்தாலும், அதை விரித்துக் காட்ட அதிகக் கணக்கீடு தேவைப்படுகிறது. அப்பணியைக் கிராஃபிக்ஸ் பகுதி ஏற்காவிட்டால் சுமை முழுவதும் செயலியின் தலையில் விழும். காணொளி இயக்கும் விஎல்சி மென்பொருளின் பிரிஃபரன்சஸில் இன்புட்/கோடெக்ஸ் பக்கத்தில், ஹார்ட்வேர் ஆக்சிலரேஷனை ஆட்டோமேட்டிக் என வைத்துப் பாருங்கள்.

கேட்டவர்:
மாற்றியும் பயனில்லை. டாஸ்க் மேனேஜரில் செயலி 100 விழுக்காட்டிலேயே நிற்கிறது. கோப்பு விவரத்தில் 4கே, 10 பிட் என்றிருக்கிறது.

மறுமொழி 2:
அந்த 10 பிட்தான், அதாவது ஒவ்வொரு நிறத்தின் அளவையும் 10 பிட்டில் பதியும் முறைதான் காரணம். ஆறாம் தலைமுறைச் செயலிகள் 8 பிட் எச்.265-ஐ வன்பொருளிலேயே விரிக்கும். 10 பிட்டுக்கான முழு வசதி ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. ஹேண்ட்பிரேக் மென்பொருளில் 1080பி, எச்.264 (எச்.265-க்கு முந்தைய சுருக்க முறை), 8 பிட் எனத் தேர்ந்து மாற்றிக்கொள்ளுங்கள். இந்தக் கணினியில் அதற்குப் பல மணி நேரம் ஆகலாம் என்பதால், சார்ஜரைச் செருகிவிட்டு உறங்கச் செல்லுங்கள். மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.