மூடிய பெட்டி மூடவில்லை: அனிமேஷன் பிழைகளோடு உங்கள் அனுபவம்?

கண்ணாடிச்சுவர்

மூன்று நாளாக மனதைக் குடைகிறது, அதனால் எழுதுகிறேன். வியூ 3, வலைப்பக்கம் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க். பக்கத்தின் மேல் வந்து நிற்கும் ஒரு மோடல் பெட்டி, திறந்தால் மெல்லத் தெரியும், மூடினால் மெல்ல மறையும். லீவ் ஹூக்கில் (பெட்டி மறையும்போது வியூ அழைக்கும் நம் ஃபங்ஷன்) ஒப்பாசிட்டியைப் பூஜ்யமாக்கி, அதாவது கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிட்டு, அசைவு முடிந்தது என்று பிரவுசர் சொல்லும் ட்ரான்சிஷன்எண்ட் ஈவென்ட் வந்ததும், "முடிந்தது, நீக்கலாம்" என்று வியூவுக்குச் சொல்லும் டன் கால்பேக்கை அழைக்கிற மாதிரி எழுதியிருந்தோம். எங்கள் எல்லோரிடமும் ஒழுங்காக ஓடியது. டெஸ்டர் ஒருவரிடம் மட்டும், பெட்டியை மூடிய பிறகு பக்கத்தில் எதைக் கிளிக் செய்தாலும் பலன் இல்லை.

திரையைப் பகிர்ந்து காட்டினார். பட்டன்கள் பளிச்சென்று தெரிகின்றன, ஆனால் கர்சரை மேலே கொண்டுபோனால் கை அடையாளம் வரவில்லை. பிரவுசரின் டெவ்டூல்ஸைத் திறந்து, பக்கத்தின் எலிமெண்டுகளை அடுக்கிக் காட்டும் டாம் மரத்தின் அடிவரைக்கும் போனோம். மூடிய பெட்டி அங்கேயே உட்கார்ந்திருக்கிறது, ஒப்பாசிட்டி 0. பின்னணிக்குச் சிவப்பு கொடுத்து ஒப்பாசிட்டியை 1 ஆக்கச் சொன்னேன். திரை முழுக்கச் சிவப்பு. ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை.

அவர் கணினியில் அசைவைக் குறைக்கும் அமைப்பு ஆனில் இருந்தது. எங்கள் சிஎஸ்எஸ்ஸில் நாங்களே நல்ல பிள்ளையாக அதற்கு மீடியா க்வெரி (அந்த அமைப்பு ஆனில் இருந்தால் மட்டும் பொருந்தும் விதி) எழுதி, ட்ரான்சிஷன்களை அணைத்திருந்தோம். ட்ரான்சிஷனே ஓடவில்லை என்றால் ட்ரான்சிஷன்எண்ட் எங்கிருந்து வரும்? டன் அழைக்கப்படவில்லை, வியூவும் பெட்டியை நீக்காமல் காத்துக்கொண்டே இருந்தது.

திருத்துவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. குடைவது அவர் சொன்னதுதான். "தலைசுற்றும் என்று அதை எப்போதும் ஆனில்தான் வைத்திருப்பேன். வேறு பக்கங்களிலும் இப்படி நிற்கும், ரீஃப்ரெஷ் செய்துகொள்வேன்" என்றார். சர்வசாதாரணமாக.

பழையகணக்கு

என் கதை சின்னது. வியூ 2-இலிருந்து 3-க்கு மாறினோம். மறையும் அனிமேஷன் அட்டகாசமாக வேலை செய்கிறது, தோன்றும் அனிமேஷன் மட்டும் இல்லை, பொத்தென்று வந்து விழுகிறது. இரண்டுமே போயிருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பேன். பாதி வேலை செய்ததால்தான் சிஎஸ்எஸ் சரியாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டு, பக்கம் மாற்றும் ரவுட்டரையும் டேட்டா வைக்கும் ஸ்டோரையும் கிளறிக்கொண்டிருந்தேன்.

தோன்றும் அனிமேஷனின் தொடக்க நிலையைச் சொல்லும் வி-என்டர் என்ற சிஎஸ்எஸ் கிளாஸ் 3-இல் வி-என்டர்-ஃப்ரம் ஆகிவிட்டது. வி-லீவ்கூட வி-லீவ்-ஃப்ரம் ஆனதுதான், ஆனால் அதை நாங்கள் எழுதியதே இல்லை. லீவ்-ஆக்டிவ், லீவ்-டு இரண்டுக்கும் பெயர் மாறவில்லை. "-from" என்ற ஐந்து எழுத்துக்கு இரண்டு நாள்.

அரைப்புள்ளி

கண்ணாடிச்சுவர், தப்பாக நினைக்காதீர்கள், இது நீங்களாக இழுத்துக்கொண்ட வினை. வெறும் ஒப்பாசிட்டிக்கு ஹூக் எதற்கு? சிஎஸ்எஸ் கிளாஸிடம் விட்டிருந்தால் வியூவே கணக்கிடப்பட்ட ஸ்டைலைப் படித்து, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளும். ட்ரான்சிஷன் எதுவும் இல்லையென்றால் காத்திருக்காமல் முடித்துவிடும்.

எனக்கும் ஒன்று நடந்தது. பெட்டிக்குள் இருந்த பட்டனின் நிறம் மாறும் ட்ரான்சிஷன் முதலில் முடிந்தது. அந்த ஈவென்ட் உள்ளே இருக்கும் பட்டனிலிருந்து வெளியே இருக்கும் பெட்டிக்கு, மேலே குமிழிட்டு வந்து, பெட்டி பாதி மறைவதற்குள் எல்லாம் காணாமல் போனது. ஈவென்டின் டார்கெட், அதாவது அது பிறந்த இடம், நம் எலிமெண்ட்தானா என்று பார்த்ததும் சரியாயிற்று.

பொதுவாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் குரோமில் அனிமேஷன்ஸ் பேனலைத் திறந்து வேகத்தை 10 சதவீதத்துக்குக் குறையுங்கள், பாதிப் பிழை அங்கேயே தெரிந்துவிடும். உள்ளே இருக்கும் எலிமெண்ட் வெளியே இருப்பதைவிட நீண்ட நேரம் அசைந்தால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்ற டியூரேஷனை வியூவுக்கு வெளிப்படையாகக் கொடுங்கள். பக்கம் மாறும்போது வெள்ளைத் திரை வந்தால், புதிய பக்கத்தின் கம்போனென்டில் ஒன்றுக்கு மேல் ரூட் (வெளி அடுக்கு) எலிமெண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். வியூவின் ட்ரான்சிஷன் கம்போனென்ட் ஒற்றை ரூட்டைத்தான் அசைக்கும், கன்சோலில் அது கத்தியிருக்கும், நாம்தான் படித்திருக்க மாட்டோம். உயரத்தை ஆட்டோவுக்கு (உள்ளடக்கத்துக்கு ஏற்ற உயரம்) அனிமேட் செய்யப் பார்க்காதீர்கள், சிஎஸ்எஸ் கிரிட் வரிசையை 0 எஃப்ஆரிலிருந்து 1 எஃப்ஆருக்குக் (fr, கிரிட்டில் இடத்தைப் பங்கிடும் அலகு) கொண்டுபோங்கள். எந்த ஈவென்டையும் தனியாக நம்பாதீர்கள், பக்கத்தில் ஒரு செட்டைம்அவுட் டைமர் போட்டு வையுங்கள். இதையெல்லாம் ஆரம்பத்திலேயே செய்தால் இந்தத் திரியே தேவைப்படாது.

நடுநிசிகமிட்

திரி தேவைப்படாது என்றால் நீங்கள் ஏன் ஐயா இவ்வளவு நீளம் எழுதினீர்கள்?

வேகத்தைக் குறைத்தால் தெரியும் என்கிறீர்கள். என் பிழை பார்த்தால் மறைந்துவிடும் ரகம். வியூ போன்ற இன்னொரு கருவியான ரியாக்டில் நானே எழுதிய, விரிந்து சுருங்கும் ஒரு பகுதி. எஃபெக்டுக்குள் (திரையில் வரைந்தபின் ஓடும் கோட்) உயரத்தை 0 ஆக்கி, அடுத்த வரியிலேயே 240 பிக்சல் ஆக்குகிறேன். விரியாமல் டக்கென்று திறந்துகொள்கிறது. சரி, உயரம் என்னதான் வருகிறது என்று நடுவில் ஒரு கன்சோல் லாக் போட்டு, எலிமெண்டின் அப்போதைய உயரமான ஆஃப்செட்ஹைட்டை அச்சடித்தேன். அழகாக விரிந்தது! லாக்கை எடுத்தேன், போய்விட்டது. திரும்பப் போட்டேன், வந்துவிட்டது. இரவு ஒரு மணிக்கு இதையே பத்துப் பதினைந்து முறை செய்துகொண்டிருந்தேன், பைத்தியம் மாதிரி.

விஷயம் இதுதான். இரண்டு மாற்றத்தையும் ஒரே மூச்சில் கொடுத்தால் பிரவுசர் கடைசி மதிப்பை மட்டும்தான் பார்க்கும். நடுவில் ஆஃப்செட்ஹைட்டைக் கேட்டால், பதில் சொல்வதற்காக அங்கேயே லேஅவுட்டைக் கணக்கிட்டாக வேண்டும், அதனால் 0 என்பது பதிவாகிவிடும். கடைசியில் லாக் இல்லாமல் அந்த வாசிப்பை மட்டும் தனி வரியாக விட்டு, மேலே "தொடாதீர்கள்" என்று கமென்ட் எழுதினேன். சில மாதம் கழித்து ஒருவர் "பயன்படாத வரி" என்று இரண்டையும் சேர்த்து நீக்கினார். ரிவ்யூவில் ஒப்புதல் கொடுத்தது நான்தான்.

அப்புறம் அந்த செட்டைம்அவுட் யோசனை. நானும் போட்டேன். மூடிய கையோடு உடனே திறந்து பாருங்கள். மூடும்போது ஓடவிட்ட டைமர் இன்னும் உயிரோடு இருக்கும், திறந்த பகுதியை வந்து மறைத்துவிட்டுப் போகும்.

சிற்றெறும்பு

லிஸ்டில் மூன்றாவது வரிசையை நீக்கினால் கடைசி வரிசை மங்கி மறையும், மூன்றாவது இடத்தில் நான்காவதன் எழுத்துகள் வந்து உட்காரும். ஒவ்வொரு வரிசைக்கும் அடையாளமான கீயாக, அதன் இட எண்ணான இண்டெக்ஸையே கொடுத்திருந்தோம். டெமோவில், வாடிக்கையாளர் முன்னால். "நான் நீக்கியது அது இல்லையே" என்று அவர் கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது.

கண்ணாடிச்சுவர்

அரைப்புள்ளி, வெறும் ஒப்பாசிட்டி இல்லை. பெட்டி எந்த பட்டனிலிருந்து திறந்ததோ அதை நோக்கியே சுருங்க வேண்டும், அந்த இடத்தை ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டியிருந்தது. அதற்காகத்தான் ஹூக். முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், அவசரத்தில் விட்டுவிட்டேன். இப்போது டியூரேஷன் பூஜ்யமா என்று முதலில் பார்த்து, பூஜ்யமென்றால் நேராக டன்.

அரைப்புள்ளி

அப்படியென்றால் ஹூக் சரிதான்.

நடுநிசிகமிட் சொன்னதைப் படித்துவிட்டு எங்கள் பக்கவாட்டு மெனுவை வேகமாக மூடித் திறந்து பார்த்தேன். காணோம். கோடில் தேடினேன், டைமரை ரத்து செய்யும் கிளியர்டைம்அவுட் எங்கேயும் இல்லை. இரண்டு வருடமாக லைவில் இருக்கிறது.