ஈக்வலைசர்: சமனியா, சீர்தூக்கியா? (திங்களுக்குள் ஒரு சொல் தேவை)

பட்டியல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

பழைய கிட்டார் பெடல் (காலால் மிதித்து ஒலியை மாற்றும் பெட்டி), ஈக்வலைசர் (ஒலியின் தாழ், நடு, உயர் பகுதிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் கருவி) விற்பவர்கள் நிரப்புகிற படிவம் ஒன்று தமிழாக்கத்தில் இருக்கிறது. 43 வரிகள். விலை, நிறம், பெட்டி உண்டா என்பவை முடிந்தன. இடறுவது ஐந்து: ஈக்வலைசர், விண்டேஜ், ட்ரூ பைபாஸ், மாடிஃபைடு, பிறகு சத்தக் கோளாறுகளைச் சொல்லும் பகுதி. திங்கள் காலை ஒப்படைக்க வேண்டும்.

ஈக்வலைசருக்குச் 'சமனி' என்று போட்டிருக்கிறேன். மூன்றே எழுத்து, பொத்தானுக்குள் அடங்கும். பட்டை என்றால் அப்படி ஏற்றி இறக்கும் ஓர் அதிர்வெண் பகுதி. பாஸ் நிறுவனத்தின் ஈக்வலைசர் பெடலுக்கு மாதிரி வரி: "பாஸ் ஜிஇ-7, ஏழு பட்டைச் சமனி, ஜப்பான் தயாரிப்பு." மறுப்பு இருந்தால் இன்றே சொல்லிவிடுங்கள்.

---

யாழ்நரம்பு எழுதியது:

> ஏழு பட்டைச் சமனி

மறுப்பு உண்டு. தமிழிசையில் மெலிவு, சமன், வலிவு என்று மூன்று தானங்கள், அதாவது கீழ், நடு, மேல் சுர மட்டங்கள். சமன் நடுத்தானம். இசை படித்தவர் காதில் 'சமனி' என்று விழுந்தால் நடுத்தானத்தை மட்டும் தொடுகிற கருவி என்றுதான் படும். ஜிஇ-7இன் ஏழு பட்டைகளோ 100, 200, 400, 800, 1600, 3200, 6400 ஹெர்ட்ஸ். மெலிவிலிருந்து வலிவுக்கும் அப்பால் போகிறது.

118ஆம் குறளைப் பாருங்கள்: "சமன்செய்து சீர்தூக்குங் கோல்". சமன்செய்தல் முதலில், சீர்தூக்கல் பிறகு. தராசு முள் நடுவில் நிற்பது சமன். அதன்பின் எடை போடுவது சீர்தூக்கல். இந்தப் பெடலும் அப்படித்தானே? ஏழு நகர்த்திகளும் (பட்டையை ஏற்றி இறக்கும் ஸ்லைடர்கள்) நடுக்கோட்டில் நின்றால் சமன். அந்த நிலையில் அது எதுவுமே செய்வதில்லை. ஏற்றி இறக்கும்போதுதான் வேலை தொடங்குகிறது. ஆகவே 'சீர்தூக்கி'.

---

இகரவிகுதி எழுதியது:

ஐயா, குறள் அழகு. விளம்பரத்தில் வைத்துப் பாருங்கள்: "பழைய சீர்தூக்கி விற்பனைக்கு." பழைய எதைச் சீர்தூக்கி, யார் விற்கிறார்? கருவிப்பொருள் விகுதியான இகரமும் வினையெச்ச இகரமும் ஒரே உருவம். மண்வெட்டி, பாக்குவெட்டி தப்பிப்பது 'வெட்டி'யின் எச்சப் பொருள் வழக்கில் மங்கிவிட்டதால். 'சீர்தூக்கிப் பார்' இன்றும் உயிரோடு இருக்கிறது. 'சமப்படுத்தி'க்கும் இதே நோய். 'சமப்படுத்துவான்' என்று மாற்றினால் எதிர்கால வினைமுற்று ஆகிவிடும். நாளைக்கு வந்து சமப்படுத்துவான் போல.

போதாததற்குத் தூக்கு என்பதே இசையில் தாளக் கலைச்சொல். செந்தூக்கு, மதலைத்தூக்கு, துணிபுத்தூக்கு, கோயில்தூக்கு, நிவப்புத்தூக்கு, கழால்தூக்கு, நெடுந்தூக்கு என ஏழு. சீரும் யாப்பில் ஓர் உறுப்பு. இசை இலக்கணம் தெரிந்தவர் 'சீர்தூக்கி'யைத் தாளப்பொறி என்று நினைத்து வாங்கினால் பணத்தைத் திருப்பித் தருவது யார்? கழால்தூக்கின் சொற்பிறப்பு பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, ஆனால் அது தனி இழை.

---

பற்றவைப்பு எழுதியது:

கழால்தூக்கு தனி இழையிலேயே இருக்கட்டும்.

ஈக்வலைசர் என்ற பெயர் தொலைபேசிக் கம்பியிலிருந்து வந்தது. நீண்ட கம்பியில் உயர் அதிர்வெண்கள் அதிகம் தேயும். தேய்ந்ததை ஈடுகட்டி மறுமுனையில் எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்த சுற்று அது. அங்கே 'சமன்' பொருத்தம். ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் கிட்டாருக்கும் வந்தபோது வேலை தலைகீழானது. 1951இல் வந்த பல்டெக் ஈக்யூபி-1 என்ற ஒலிப்பதிவுக்கூட ஈக்வலைசரை எவரும் சமப்படுத்த வாங்கவில்லை. ஒரே தாழ் அதிர்வெண்ணில் ஏற்றும் குமிழையும் இறக்கும் குமிழையும் சேர்த்துத் திருகினால் கிடைக்கிற அந்த வளைவுக்காகத்தான் இன்றும் விலை கொடுக்கிறார்கள். ஆக, செய்கிற வேலையைச் சொல்லும் பெயர் வேண்டும்: 'ஒலித்திருத்தி'.

சொல் எதுவானாலும் படிவத்தில் சோதனை முறை இருக்கட்டும். புது 9 வோல்ட் பேட்டரி போட்டு எல்லா நகர்த்தியையும் நடுக்கோட்டில் வைத்து, பெடலை மாறி மாறி மிதிக்க வேண்டும். ஒலியளவும் தொனியும் மாறக்கூடாது. மாறினால் உள்ளே ஏதோ தேய்ந்திருக்கிறது. பிறகு ஒவ்வொரு நகர்த்தியையும் தனியாக மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் கொண்டுபோய்க் கேட்க வேண்டும். ஜிஇ-7இல் எல்லை கூட்டியும் குறைத்தும் 15 டெசிபல். ஒரு நகர்த்தி மட்டும் ஊமையாக இருந்தால் அந்தப் பட்டையின் ஆப்-ஆம்ப்பையோ (பெருக்கிச் சில்லு) மின்தேக்கியையோ சந்தேகிக்கலாம். அங்கே காயில் கிடையாது, ஆப்-ஆம்ப்தான் காயில் மாதிரி நடிக்கிறது. கடைசியாகப் பேட்டரி அறையைத் திறந்து படம் எடுக்கச் சொல்லுங்கள். பச்சை பூத்த ஸ்நாப் (பேட்டரி மாட்டும் இணைப்பு) கண்டால் வாங்குபவர் விலை குறைப்பார். படம் இல்லாவிட்டால் வாங்கவே மாட்டார்.

---

வடமராட்சி எழுதியது:

> ஒலித்திருத்தி

எங்கட யாழ்ப்பாணப் பக்கம் திருத்துறதெண்டால் பழுது பார்க்கிறது. வாகனம் திருத்துமிடம், சைக்கிள் திருத்துற கடை. "ஒலித்திருத்தி விற்பனைக்கு" என்று போட்டால், ஸ்பீக்கர் திருத்துற கடையை விக்கினம் போல என்றுதான் சனம் விளங்கும்.

---

இகரவிகுதி எழுதியது:

தமிழ்நாட்டிலும் சிக்கல்தான். பள்ளி இயற்பியலில் அலைதிருத்தி என்றால் டையோடு வைத்த ரெக்டிஃபையர். பெடலுக்குள்ளேயே டையோடு இருக்கும்போது ஒரே பக்கத்தில் இரண்டு திருத்தி எதற்கு?

---

பட்டியல் எழுதியது:

நேரம் போகிறது. பைபாஸ் இன்றே முடியட்டும். 'புறவழி' போதும் அல்லவா? சாலைப் பலகையில் எல்லோரும் படித்த சொல்.

---

பற்றவைப்பு எழுதியது:

சொல் நல்லது. ஆனால் ஒன்று போதாது, மூன்று வேண்டும். பெடல் அணைந்திருக்கும்போது சிக்னல் சுற்றைத் தொடவே தொடாமல் நேரே போனால் முழுப் புறவழி, அதாவது ட்ரூ பைபாஸ். பாஸ் பெடல்களில் உள்ளதுபோல் இடையகச் சுற்று (சிக்னல் வலுவிழக்காமல் காக்கும் பஃபர்) வழியே போனால் இடையகப் புறவழி. 70களின் பிக் மஃப், எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90 போன்றவற்றில் மூன்றாவது வகை: வெளிவாயை (அவுட்புட்) மட்டும் சுவிட்ச் மாற்றும், உள்வாய் (இன்புட்) எப்போதும் சுற்றோடு ஒட்டியே இருக்கும். அணைத்தாலும் உயர் ஒலி கொஞ்சம் மழுங்கும். இதை 'அரைப் புறவழி' எனலாம். இந்தப் பழையவற்றில் எல்இடி விளக்கும் இராது. விளக்கு இருந்தால் பின்னால் யாரோ வைத்தது. விற்பவர்கள் இதையும் கூசாமல் 'ட்ரூ' என்று போட்டுவிடுகிறார்கள். படிவத்தில் மூன்றும் இருந்தால் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும்.

---

யாழ்நரம்பு எழுதியது:

அரைப் புறவழி ஏற்கத்தக்கது. சத்தங்களுக்கு வருவோம். ஹம், அதாவது மின்சாரத்தால் இடைவிடாமல் எழும் தாழ்ந்த ஒலி, அதற்கு 'ரீங்காரம்' என்று வைக்கலாமே?

---

வடமராட்சி எழுதியது:

ரீங்காரம் தேனீயின்ர. "லேசான ரீங்காரம் உண்டு" என்றால் குறை சொல்லுற மாதிரியே இல்லை, ஆசையைக் கிளப்பும்.

---

பற்றவைப்பு எழுதியது:

குறை என்று காதில் விழ வேண்டும். எனவே: உறுமல், சீறல், கரகரப்பு, 'டப்' ஒலி.

உறுமல்: மின்சாரம் 50 ஹெர்ட்ஸாக உள்ள நாட்டில், 50இல் உறுமினால் கேபிள் உறையையோ தரையிணைப்பையோ பார்க்க வேண்டும், 100இல் உறுமினால் அடாப்டரின் வடிகட்டல் போதவில்லை. பேட்டரியில் ஓட்டி உறுமல் நின்றால் பெடல்மேல் பழியில்லை.

சீறல்: 6400ஐ ஏற்றும்போது ஜிஇ-7 சீறும் என்பது பிரசித்தம். பழுதல்ல, பிறவிக்குணம். அதையும் எழுதிவிடலாம்.

கரகரப்பு: நகர்த்தியில் தூசி. நகர்த்திகளுக்கென்றே விற்கிற காண்டாக்ட் கிளீனரைத் துளி அடித்து, 20, 30 தடவை மேலும் கீழும் ஓட்டினால் பெரும்பாலும் போய்விடும். துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டாம், நகர்த்தி வழுவழுவென்று நகர வைத்திருக்கிற கிரீஸைக் கழுவிவிடும். துடைத்த பிறகும் கரகரத்தால் தூசி அல்ல. இணைப்பு மின்தேக்கி கசிந்து நேர்மின்னோட்டம் வருகிறது. மின்தேக்கியை மாற்ற வேண்டும்.

'டப்': மிதிக்கும்போது வெடிப்பது. முழுப் புறவழி பெடலில் உள்வாய்க்கும் தரைக்கும் இடையில் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் போட்டால் பெரும்பாலும் அடங்கும். ஆனால் போட்டால் அது மாடிஃபைடு ஆகிவிடும், விலை குறையும். இனி அந்தச் சண்டை.

---

பட்டியல் எழுதியது:

'மாற்றியமைத்தது' என்று வைத்திருக்கிறேன்.

---

பற்றவைப்பு எழுதியது:

'பழுது நீக்கியது' என்று இன்னொரு கட்டமும் வேண்டும், இரண்டும் ஒன்றல்ல. உலர்ந்த மின்தேக்கியை அதே மதிப்பில் மாற்றுவது பழுது நீக்கல். டியூப் ஸ்க்ரீமர் டிஎஸ்-9 பெடலின் வெளிவாயில் 470 ஓம், 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டையும் கழற்றி 100 ஓம், 10 கிலோ ஓம் வைத்தால் அது முந்தைய மாடலான டிஎஸ்-808இன் வெளிவாய். அது மாற்றியமைத்தல். கழற்றிய பாகங்கள் உறையில் இருக்கின்றனவா என்று கேட்கும் கட்டமும் சேர்த்தால் வாங்குபவர் வாழ்த்துவார்.

---

யாழ்நரம்பு எழுதியது:

விண்டேஜை மறந்துவிட்டோம். மூலம் திராட்சை அறுவடை. நம்மிடம் திராட்சை இல்லை, பழம்புளி உண்டு. பழையதாக ஆக மதிப்பு ஏறுகிற பொருள். 'பழம்பெடல்' என்னலாமா?

---

இகரவிகுதி எழுதியது:

பழக்கடை ஆகிவிடும். பழமைப்பொருள் என்பது தொல்லியல் வாடை. முதுபொருள்?

---

பற்றவைப்பு எழுதியது:

பெயரடை வேண்டாம், ஆண்டைக் கேளுங்கள். 'தயாரித்த ஆண்டு, தெரிந்த விதம்.' விதம் என்றால் ஆதாரம். அமெரிக்கப் பெடலைத் திறந்தால் குமிழுக்கு அடியிலுள்ள பொட்டென்ஷியோமீட்டரின் முதுகில் எண் இருக்கும்: 1377325 என்றால் 137 சிடிஎஸ் நிறுவனம், 73 ஆண்டு, 25 வாரம். அந்தப் பாகத்தின் வயதுதான் அது. பெடல் அதற்குப் பிந்தியது. பாஸ் என்றால் பேட்டரி மூடித் திருகு வெள்ளியா கறுப்பா, அடிச்சீட்டில் ஜப்பானா தைவானா. வெள்ளித் திருகு தொடக்க ஆண்டுகளுக்கு உரியது, ஆனால் திருகை எவரும் மாற்றலாம்.

அடாப்டர் கட்டமும் கட்டாயம். அடிச்சீட்டில் 'ஏசிஏ' என்று இருந்தால் அந்தக் காலத்துச் சீராக்காத (மின்னழுத்தம் நிலையாக நிற்காத) அடாப்டருக்குச் செய்தது, உள்ளே மின்னழுத்தம் குறைக்கும் ரெசிஸ்டரும் டையோடும் உண்டு. இன்றைய சீராக்கிய 9 வோல்ட் கொடுத்தால் விளக்கு மங்கும், ஒலி சோர்ந்துபோகும். வாங்கியவர் "பழுதுபட்ட சாமான்" என்று திருப்பி அனுப்புவார். ஜெர்மானியம் பிஎன்பி டிரான்சிஸ்டர் வைத்த ஃபஸ் (ஒலியைக் கரடாக்கும் பெடல்) என்றால் பெரும்பாலும் நேர்முனை தரை. மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோர்த்தால் ஷார்ட். இதைச் சிவப்பில் போடுங்கள்.

---

மட்டுறுத்துநர் எழுதியது:

ஞாயிறு இரவு ஆகிவிட்டது. எண்ணிப் பார்த்ததில் சமனிக்கு இருவர், சீர்தூக்கிக்கு ஒருவர், 'பட்டைச் சீராக்கி'க்கு இருவர் (தனி மடலில்), "எதையாவது போடுங்கள்" என்று நால்வர்.

---

பற்றவைப்பு எழுதியது:

சீராக்கியா? மேலேதான் சீராக்கிய அடாப்டர், சீராக்காத அடாப்டர் என்று எழுதினேன். அதே படிவத்தில் பட்டைச் சீராக்கியா?

---

பட்டியல் எழுதியது:

ஒப்படைக்கப் போவது: தலைப்பில் 'ஈக்வலைசர்'. தேடுகிறவர் அதைத்தான் தட்டுவார். விளக்கத்தில் 'ஏழு பட்டை, நகர்த்தி வகை'. புறவழி மூன்று வகை, சத்தம் நான்கு, பழுது நீக்கியது / மாற்றியமைத்தது தனித்தனி. விண்டேஜுக்குப் பதில் ஆண்டும் ஆதாரமும். அனைவருக்கும் நன்றி.

---

யாழ்நரம்பு எழுதியது:

என் மறுப்பு பதிவாகட்டும். தமிழில் சொல் இல்லாததால் அல்ல, இரண்டு நாள் போதாததால் 'ஈக்வலைசர்'. சீர்தூக்கியை அடுத்த பதிப்பில் மீண்டும் எழுப்புவேன்.

---

இகரவிகுதி எழுதியது:

ஒரே ஒரு ஐயம். 'ஈக்வலைசர் பெடல்' என்று இயல்பாக வருமா, 'ஈக்வலைசர்ப் பெடல்' என்று ஒற்று மிகுமா? தேர்ப்பாகனில் ரகர ஈற்றின்முன் மிகுகிறதே. புதிய இழை தொடங்குகிறேன்.