காக்காவைத் 'தாத்தா' என்கிறான், வீட்டில் எப்படிப் பழக்குவது?

வணக்கம் மக்களே, தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். பையனுக்கு அஞ்சு வயது முடிந்துவிட்டது, இன்னும் 'க' வரவேண்டிய இடத்திலெல்லாம் 'த' தான். காக்கா தாத்தா ஆகிவிடுகிறது, கடல் 'தடல்'. ர, ழ இரண்டும்கூட சரியாக வரவில்லை, ஆனால் அவை தாமதமாகத்தான் வரும் என்பதால் கவலையில்லை (எங்கள் தெருவில் பெரியவர்களுக்கே 'ழ' வராது). காதைப் பரிசோதித்தாயிற்று, நன்றாகக் கேட்கிறது.

'த'வுக்கு நாக்கு நுனி பல்லைத் தொடும், 'க'வுக்கு நாக்கின் பின்பகுதி மேலே எழும்ப வேண்டும், அதனால் ஐஸ் குச்சியால் நுனியை மெல்லக் கீழே அழுத்திக்கொண்டு சொல்ல வையுங்கள், மல்லாந்து படுத்தால் நாக்கு தானாகப் பின்னால் போகும், அப்படியும் செய்யலாம் என்றார் பேச்சுப் பயிற்சி தரும் தெரபிஸ்ட். படுத்துக்கொண்டு 'அக், அக்' என்று அழகாகச் சொல்கிறான். எழுந்து உட்கார்ந்ததும் "தடைத்துப் போலாமா?"

இந்த 'அக்'கிலிருந்து முழு வார்த்தைக்கு எப்படிக் கொண்டுபோனீர்கள்? என்ன விளையாட்டு வைத்து? நேரடியாகத் திருத்தினால் உர்ரென்று வாயை மூடிக்கொள்கிறான். ஆயா வசம்பைத் தேய்க்கச் சொல்கிறார், அதை மட்டும் செய்யமாட்டேன், தயவுசெய்து யாரும் சிபாரிசு செய்யாதீர்கள்.

அப்புறம், தெரபிஸ்ட் இருப்பது அண்ணா நகரில், பஸ் பிடித்துப் போய்வரவே பாதி நாள் ஓடிவிடுகிறது. ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் சாயங்காலத்தில் பார்ப்பவர்கள் யாராவது உண்டா? ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு இதற்காகக் குழந்தையைக் கூட்டிப் போனவர்கள் இருந்தால் எந்தக் கிழமை, எந்தப் பிரிவு என்று சொல்லுங்கள்.